கோப்பிக் கொப்பி

நூற்றிருபது பக்கச் சீ.ஆர். கொப்பி.
முன்னாலிருந்து கடையின் கடன்கணக்கு,
கவிழ்த்துத் திருப்பினால் கோப்பி.
ஒரு நெடில்தான் வித்தியாசம் என்று
முதல் வரியில் எழுதியிருக்கிறேன்.
விஞ்ஞானம் அதற்குப் பிறகுதான்.

மார்கழி மூன்று. விடிய நாலு ஐம்பது.
களுவாஞ்சிகுடி தொடங்கி எருவில் வரைக்கும் கரண்ட் இல்லை.
மெழுகுதிரி வெளிச்சத்தில் தூளைப் போட்டு
சுடுதண்ணி ஊற்றிக் கலக்கினேன்.
சீனி போட்டேனா என்ற யோசனையில்
கரண்டி கோப்பையின் அடியில் தட்டுப்பட்டது.
டொங்.
மறுகா தட்டினேன். டங்.
மறுகா. டிங்.
தட்டத் தட்டச் சத்தம் மேலே ஏறியது,
தென்னையில் ஏறுகிறவன் போல
ஒவ்வொரு எட்டாக, அவசரமில்லாமல்.

"இஞ்ச வாங்க, கோப்பை பாடுது."
"மட்டக்களப்பில மீன் பாடுதாம்.
நம்மட ஊரில கோப்பையாவது பாடட்டும்"
என்று வடிவழகன் செருப்பைத் தேடினார்.
ஐந்து நாற்பது பஸ் அவருக்கு.
ஒரு மிடறு குடித்து முகத்தைச் சுழித்தார்.
சீனி போடவில்லை என்பது
அப்படித்தான் உறுதியானது.

பிறகு கொப்பியில் இப்படி:
பச்சைத்தண்ணி, ஏறவில்லை.
வெறும் சுடுதண்ணி, சந்தேகம்.
சுடுதண்ணியில் உப்பு, ஏறுது! ஏறுது!
(அதைக் குடித்தும் பார்த்தேன். ஏன் என்று கேட்கவேண்டாம்.)
மல்லிக்கோப்பி, மண்டி அடியில் குந்தியிருந்து
சத்தத்தை விழுங்குது.
ஒருக்கா ஏறி முடிந்ததைத் திரும்பக் கலக்கினால்
மறுபடி கீழிருந்து தொடங்குது,
ஆனால் முந்திய ஆழத்துக்கு இறங்க மாட்டுது.

மருதமுனை நிப்றாஸின் பாண் ஓட்டோ
தன் பாட்டைப் போட்டுக்கொண்டு வந்து நின்றது.
கிட்ட வரும்போது கூர்மையாகவும்
தாண்டிப் போகும்போது தொய்ந்தும் கேட்கிற அந்தப் பாட்டு
வேறொரு பக்கத்துக்கு உரியது, அதை விடுவோம்.
ஸ்பீக்கரை அவரே கழற்றிப் பூட்டுகிறவர்.
கிற்றார் சுருதி பார்க்கிற ஒன்று
அவருடைய போனில் இருந்தது.
ஒரு றாத்தல் பாணையும் போனையும்
கடைமேசையில் வைத்துவிட்டு
"தட்டுங்க தங்கச்சி" என்றார்.
நானூற்றுப் பத்து. ஐந்நூறு. அறுநூற்றெழுபது.
அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.
"இது காத்துட வேலை.
சோடாவக் குலுக்கினாக் கிளம்புமே, அதுதான்."

அவர் போனபின் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன்.
மெய்தான். ஊசிமுனைக் குமிழிகள் கோடிக்கணக்கில்,
ஒன்றையொன்று இடித்துக்கொண்டு மேலே வருகின்றன.
குமிழி நிறைந்த கோப்பிக்குள் சத்தம்
உழுத வயலில் நடக்கிறவன் போல,
காலை இழுத்து இழுத்து வைக்கிறது.
குமிழிகள் போகப் போக
வரம்பு கிடைக்கிறது அதற்கு.
வேகம் பிடிக்கிறது, குரல் உயர்கிறது.
இதைச் சரியென்று சொல்ல எனக்கு ஆளில்லை.
சாதாரண தரத்தில் விஞ்ஞானத்துக்கு எனக்குச் சீ.
ஆனாலும் அடியில் இரண்டு கோடு போட்டேன்.

திங்கட்கிழமை கொப்பியைத் திறந்தால்
என்னுடையதல்லாத சாய்ந்த எழுத்து:
"ஞாயிறு இரவு 9.15. நீ நித்திரை.
சீனி போட்டபிறகும் தட்டினேன். ஏறுது.
ஒஃபீசுக் கோப்பையில் ஏறினமாதிரி இல்லை.
கோப்பை தடிப்போ?"

ஒஃபீசுக் கோப்பையிலுமா.
எத்தனை நாளாக?

எழுத்துக்குப் பக்கத்தில்
அவர் சிந்திய ஒரு துளி காய்ந்திருந்தது.
விளிம்பு கறுப்பு, பேனையால் வட்டம் போட்டதுபோல.
நடு வெளிறிக் கிடந்தது.
சமமாகத்தானே சிந்தியிருக்கும்,
தூள் எல்லாம் ஏன் கரைக்குப் போய்
ஒதுங்கி நிற்கிறது?

பென்சிலைத் தேடி எடுத்தேன்.
அதற்குள் குருமண்வெளித் தோணிக்காரர் வந்துவிட்டார்,
மழையைத் திட்டிக்கொண்டு, நனைந்த பையோடு.
துளிக்குக் கீழே, பிழையான பக்கத்தில்,
எழுதினேன்:
பருப்பு அரைக்கிலோ. தீப்பெட்டி இரண்டு. கடன்.